சத்தம் குடிக்கும் அலமாரி

“அந்தக் கோட்டை எடுத்துடாதக்கா! மொத்த டோனும் போயிடும்.”

தம்பி ஓடி வந்து அலமாரிக்குக் குறுக்கே நின்றான். ஹேங்கரில் வைத்த கையை எடுக்காமலே அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். கட்டிலின் மேல் மூன்று பெரிய காலிப் பைகள் வாயைத் திறந்தபடி கிடந்தன.

“டோனா? இது உன் பொண்டாட்டி கோட்டுடா.”

“கோட்டுதான். இப்ப அது என் வேலைச் சாமான்.”

அவன் மனைவி இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவளுடைய துணிமணிகளை ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட அக்கா ஏற்பாடு செய்திருந்தாள். நான்கு மணிக்கு வேன் வரும். இப்போது நான்கு அடிக்கப் பத்து நிமிடம்.

“புரியற மாதிரி சொல்லு” என்றாள்.

அவன் தொங்கிக்கொண்டிருந்த துணிகளை இரண்டு பக்கமும் விலக்கினான். அலமாரியின் அடியில், முன்பக்கம் கறுப்புத் துணி இழுத்துக் கட்டிய கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதன் எதிரே குட்டையான ஒரு ஸ்டாண்டில் மைக்.

“விளம்பரத்துக்கு வாசிக்கிறதெல்லாம் இங்கதான் ரெக்கார்டிங். பொட்டியை வெளிய வெச்சா பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். உள்ள வெச்சா, சுத்தி இருக்கிற துணி எதிரொலியைக் குடிச்சிடும். மைக்குக்குச் சுத்தமான சத்தம் மட்டும் போகும். ஒரு துணியை உருவினாலும் கீச்சுன்னு கேக்கும்.”

“அப்ப பழைய போர்வை நாலு தொங்கவிடேன். நானே தர்றேன்.”

“போர்வையெல்லாம் ஆகாது. இது கிடங்குல போடறதுக்குன்னே தெச்ச கோட்டு. உள்ள ரெண்டு அடுக்குப் பஞ்சு.”

அவன் மனைவி குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவள். ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போதும் அந்தக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவாள்.

“சரி, இது?” அக்கா ஒரு மஞ்சள் மழைக்கோட்டை உருவினாள். “வெறும் பிளாஸ்டிக். இது எதைக் குடிக்கும்?”

தம்பி கொஞ்சம் திணறினான். “எல்லாத்தையும் குடிச்சிட்டா சத்தம் சப்புன்னு ஆயிடும்க்கா. கொஞ்சம் திருப்பி அடிக்கவும் ஒண்ணு வேணும்ல?”

“ஓஹோ. அந்தச் செருப்பு?”

“எந்தச் செருப்பு?”

“மூலையில ஜோடியா இருக்கே, அவளோடது.”

“அது... பொட்டி அதிராம இருக்க முட்டுக் கொடுக்கிறதுக்கு.”

அக்கா சிரிக்கவில்லை. “இந்தப் பொட்டி வாங்கினப்ப அவளும்தானே கூட வந்தா?”

“அவதான் தேர்ந்தெடுத்தா. நான் நாலு ஸ்பீக்கர் பொட்டிக்கு ஆசைப்பட்டேன். இவ அளவு டேப்பைக் கையோட கொண்டு வந்திருந்தா. ‘அதுதான் வேணும்னா அதோடயே குடித்தனம் பண்ணிக்கோ’ன்னு கடைக்காரர் முன்னாடியே சொல்லிட்டா. ஒவ்வொரு பொட்டியா பலகையைத் தட்டிப் பாத்தா. பின்பக்கம் மூடினது, ரெண்டு ஸ்பீக்கர், இதுதான்னுட்டா. அன்னிக்குன்னு பாத்து லிஃப்ட் வேலை செய்யல. மூணு மாடி. ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு, படிக்குப் படி வெச்சு எடுத்துத் தூக்கிட்டு வந்தோம். ஒரு வாரம் ரெண்டு பேருக்கும் இடுப்பு நிமிரல.”

“நல்லாப் பாத்துக்கறியா?”

“பின்ன? வாராவாரம் துடைக்கிறேன். திருகாணியை எல்லாம் எதிரும் புதிருமா முறுக்கி வெச்சிருக்கேன். பூச்சி அரிக்கக் கூடாதுன்னு நாப்தலின் உருண்டைகூடப் போட்டிருக்கேன்.”

உருண்டைகள் எல்லாம் கோட்டுப் பைகளில்தான் இருந்தன.

“வாராவாரம் துடைக்கிற லட்சணம்தான் தெரியுதே” என்று முணுமுணுத்தபடி அக்கா மழைக்கோட்டைக் கட்டிலில் போட்டுவிட்டுக் குனிந்தாள். இடது கையால் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, வலது கையில் பிடித்த முந்தானை நுனியால் அடியில் மண்டிக் கிடந்த தூசியை வழித்தாள். பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“எங்க, கொஞ்சம் வாசி. கேக்கறேன்.”

“இப்பவா? பக்கத்து வீட்டுல குழந்தை தூங்குமே.”

“அதான் துணி எல்லாத்தையும் குடிச்சிடும்னியே?”

அவன் வாயைத் திறப்பதற்குள் வாசல் மணி அடித்தது.

அக்கா கதவைத் திறக்கப் போனாள். தம்பி இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. கோட்டின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு, காதை மட்டும் வாசல் பக்கம் வைத்திருந்தான்.

“துணி எடுக்க வந்தேம்மா” என்றார் வேன் டிரைவர்.

“மன்னிச்சுக்குங்க. எல்லாம் வேலைக்கு வேணுமாம்.”

“துணியை வெச்சு என்னம்மா வேலை?”

“கிட்டார். கோட்டு எதிரொலியைக் குடிக்கும், மழைக்கோட்டு திருப்பி அடிக்கும். ஒண்ணை உருவினாலும் கீச்சுன்னு கேக்கும். அதெல்லாம் பெரிய விஷயம், நமக்கு விளங்காது.”

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கும் சத்தம் கேட்டது. தம்பிக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இசை ஞானம் கிடையாது. அதுவும் ஒரு விதத்தில் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டான்.

அவள் திரும்பி வந்து மழைக்கோட்டை இருந்த இடத்திலேயே மாட்டினாள். செருப்பு ஜோடியை நேராக்கினாள். மூன்று பைகளையும் மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல் வரை போனவள், திரும்பிப் பார்த்தாள்.

“தம்பி, அடுத்த ஆள் வந்து கேக்கறதுக்குள்ள அந்தக் காலிப் பொட்டிக்குள்ள ரெண்டு ஸ்பீக்கரை வாங்கிப் போட்டு வை.”