மறதிக்கு இரண்டு சஜ்தா

மாரெட்பள்ளியில் மூன்றாவது மாடி. மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தொழுகை விரிப்பின் மேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. நஸ்ரின் லுஹர் தொழுகிறாள். நான்கு ரக்அத்துதான், நின்று குனிந்து எழும் நான்கே சுற்று, பத்து நிமிஷம்கூட ஆகாது. அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே எல்லாம் காத்துக் கிடந்ததுபோல் தெருவில் ஆட்டோ அலறுகிறது, அடுப்பில் குக்கர் சீறுகிறது, ஹாலில் கணவன் யூசுப் சோபா மெத்தைகளைப் புரட்டிப் போடுகிறான். "ஸ்கூட்டர் சாவிய எங்கதான் வச்சே, நஸ்ரின்?" "நக்கோ வாப்பா, கத்த வேணாம், உம்மா நமாஸ்ல இருக்காங்க!" என்று அவனைவிட உரக்கக் கத்துகிறாள் மகள். நஸ்ரின் பல்லைக் கடித்துக்கொண்டு சஜ்தாவில் நெற்றியை வைக்கிறாள். வைத்ததுமே தெரிந்துவிடுகிறது: சாவி அரிசி டின்னுக்குள், அளக்கிற டம்ளரோடு கிடக்கிறது. காலையிலிருந்து வீட்டையே கவிழ்த்துத் தேடியபோது வாய் திறக்காத பாழாய்ப்போன மனசு, அல்லாஹ்வின் முன்னால் வந்துதான் சொல்கிறது. தலையைத் தூக்குகிறாள். சாவி கிடைத்துவிட்டது, ரக்அத் தொலைந்துவிட்டது. முடிந்தது மூன்றா, நான்கா? உட்காருவதா, எழுவதா? சந்தேகம் வந்தால் குறைந்ததைத்தான் கணக்கில் எடுக்கவேண்டும். எழுந்து இன்னொரு ரக்அத் தொழுகிறாள், கடைசியில் மறதிக்கென்று உள்ள இரண்டு சஜ்தாவையும் செய்யக் குனிகிறாள். இந்த வாரத்தில் எத்தனையாவது தடவையோ, அதுவும் நினைவில்லை. சூடேறிய விரிப்பில் நெற்றி அழுந்துகிறது. உள்ளே குக்கர் மறுபடி சீறுகிறது. ஏழாவது விசில். அதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை.