யார் இறங்குவது?

பூங்கோதை வாங்கிய குரூசர் பைக்கின் சீட்டு சிம்மாசனம் மாதிரி அகன்று உயர்ந்திருந்தது. அந்த உயரத்தில் அதற்கு ஏகப் பெருமை. அவளுக்கோ உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை. சிக்னலில் இரண்டு தடவை வண்டியோடு சாய்ந்துவிட்டாள்.

“இன்னைக்குச் சரிப்படலேன்னா வித்துடுறேன் பாய்” என்றாள் மெக்கானிக் ஜபருல்லாவிடம். அவர் கத்தியும் ஸ்பானருமாக வந்து குந்தினார்.

கத்தியைப் பார்த்ததும், தன்னைச் சீவித்தான் உயரத்தைக் குறைக்கப்போகிறார் என்று சீட்டுக்குத் தோன்றிவிட்டது. கீழே இருந்த ஷாக் அப்சார்பரிடம், “அண்ணே, நீங்க கொஞ்சம் இறங்கிக்குங்களேன்” என்று கெஞ்சியது.

“நான் இறங்கினா ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் சைலன்சர் இடிக்கும். உன்கிட்டதான் இவ்வளவு ஸ்பாஞ்ச் இருக்கே, ஒரு அங்குலம் போனா என்ன?”

“என்னை வித்தாலும் சரி, நான் இறங்கமாட்டேன்!”

ஜபருல்லா பூங்கோதையை ஏறி உட்காரச் சொல்லிப் பார்த்தார். “உயரம் பிரச்சினை இல்லம்மா. சீட்டு முன்பக்கம் ரொம்ப அகலம். காலை நேரா கீழே விடமாட்டேங்குது.” ஸ்பாஞ்சின் இரண்டு ஓரத்தையும் சீவிவிட்டு, உறையை இழுத்து மாட்டினார்.

அவள் மறுபடி ஏறினாள். இரண்டு பாதமும் தரையில் அழுந்தப் பதிந்தன. “அப்பாடா! இனி இதை யாருக்கும் தரமாட்டேன்” என்று சிரித்தாள்.

சீட்டுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. “பாத்தீங்களா அண்ணே, கடைசிவரைக்கும் நான் இறங்கலையே!”

“இறங்கலைதான் தம்பி” என்றது ஷாக் அப்சார்பர், தன்மேல் ஸ்பானர் படாத நிம்மதியில். “இளைச்சுட்டே.”