மாற்று வட்டு

ஓர் இரத்த வங்கியின் சர்வர் பெட்டிக்குள், தகவல்களைச் சேமிக்கும் மூன்று வட்டுகள் குடியிருந்தன. கொடையாளர்களின் பெயர்களை இரண்டு வட்டுகள் ஒன்றுபோல எழுதிக் காத்தன. மூன்றாவது, அவற்றில் ஒன்று பழுதாகி விழுந்தால் அவ்விடத்தில் அமர்வதற்கென்று வெறுமனே வைக்கப்பட்ட மாற்று வட்டு.

"என்ன மாப்பிள்ளை, விருந்துச் சாப்பாடு செரிக்கிறதா?" என்று, முதல் இடத்தில் அமர்ந்திருந்ததால் மூத்தது எனப்பட்ட வட்டு அதனை நாள்தோறும் சீண்டும்.

ஒருநாள் மூத்ததன் வயிற்றில் ஏதோ உரசும் ஒலி கேட்டது. "அண்ணே, சத்தம் சரியில்லை. நம்மைக் கவனிக்கும் சேமிப்பு மேலாளரிடம் இப்போதே சொன்னால் நிதானமாகப் படியெடுத்துக்கொள்ளலாம்" என்றது மாற்று வட்டு.

"என் நாற்காலிமேல் அவ்வளவு ஆசையா?" என்று மூத்தது சிரித்தது.

அச்சொல் சுருக்கென்று தைத்தது. ஏனெனில் அந்த ஆசை உள்ளபடியே இருந்தது. தானே போய்ச் சொன்னால் பதவிக்கு அலைகிறது என்பார்களே என்றெண்ணி, மாற்று வட்டு வாயை மூடிக்கொண்டது.

சில நாளில் மூத்தது எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனது. "இரண்டாவதிடம் உள்ளதையெல்லாம் உடனே எழுதிக்கொள்!" என்று மேலாளர் மாற்று வட்டைப் பார்த்துப் பதறினார்.

"வேகமாக எழுது, மாப்பிள்ளை. நானும் அவனும் ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் பிறந்தவர்கள்; எனக்கும் நேரம் நெருங்கிவிட்டது" என்று மூச்சிரைத்த இரண்டாவது வட்டு, பாதிப் பெயர்களைச் சொல்லும்போதே அடங்கிவிட்டது.

பின்னர்ப் பக்கத்தில் ஒரு புதிய வட்டு வந்து அமர்ந்தது. "அரிய வகை இரத்தத்துக்கு ஆள் கேட்டு வாசலில் நிற்கிறார்கள், அண்ணே. மீதிப் பெயர்கள் எங்கே?" என்றது.

மாற்று வட்டு தன்னிடமிருந்த பாதியையே மறுபடியும் முதலிலிருந்து தேடத் தொடங்கியது.