விலாவில் ஒரு வெள்ளைப் புள்ளி

கோவிந்தராசுவின் விலா வலிக்கு எடுத்த எக்ஸ்ரேயில், இடது பக்கம் மிளகளவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. "துப்பாக்கி ரவை மாதிரி இருக்கே, எப்பப் பட்டுச்சு?" என்றார் தஞ்சாவூர் டாக்டர்.

கோவிந்தராசு மேல் எந்த ரவையும் பட்டதில்லை. இருபது வருசத்துக்கு முன்னால், கூலி நெல் கூடக் கேட்டு அறுப்பை நிறுத்திய அன்று, மிராசுதாரின் ஆள் சுட்டான். கோவிந்தராசுவைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றவன், கூட அறுத்துக்கொண்டிருந்த காத்தான். வரப்பிலேயே செத்துப்போனான்.

ரவையைத் தேடி ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகத்தில் எலுமிச்சம்பழ அளவில் புற்றுக்கட்டி இருந்தது.

"ஒன்னுக்குல ரத்தம் வர்ற வரைக்கும் நெறைய பேருக்குத் தெரியறதே இல்லீங்க. உங்களுக்கு இன்னும் பரவல. அந்தச் சிறுநீரகத்தை எடுத்துடலாம். மத்தது ஒன்னே போதும்."

எடுத்தார்கள். ரவை மட்டும் கிடைக்கவில்லை. மறுபடி எடுத்த படத்திலும் இல்லை. கையெடுத்துக் கும்பிட்ட கோவிந்தராசுவிடம், "எனக்கு எதுக்குங்க? அந்த ரவைக்குக் கும்புடு போடுங்க" என்று டாக்டர் சிரித்தார்.

வருசா வருசம் அறுப்பின் முதல் கட்டு காத்தான் வீட்டுக்குத்தான் போகும். அந்தத் தை மாசம் கட்டோடு பழைய எக்ஸ்ரேயையும் கொண்டுபோனார். காத்தானின் மனைவி தங்கம்மாள் அதை வெயிலுக்கு நேராகப் பிடித்து, புள்ளி மேல் விரலை வைத்தாள்.

"சரியா இந்த எடந்தாண்ணே. ஆஸ்பத்திரியில பொணத்த அறுத்து, ரவை எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னாங்க. குளிப்பாட்டறப்ப இது ஒன்னு என் கையில தட்டுப்பட்டுச்சு. அப்படியே பொதைச்சிட்டோம்."