எஞ்சின் மேல் ஒரு பெட்டி

மதுரைப் பேருந்து சங்கரன்கோவில் நிலையத்துக்குள் திரும்பியதும், ஹஸ்னா பானு அதன் முன்வாசலருகே போய் நின்றாள்.

அதில் அவளுக்கு ஒரு பெட்டி வருகிறது. பெட்டிக்குள், மூடிய குப்பியில், உயிருள்ள புற்றுநோய்ச் செல்கள்.

மதுரை ஆய்வகத்தில் அந்தச் செல்களை ஒரு புது மருந்து கொன்றுவிடுகிறது. அதே செல்கள், அதே மருந்து, அதே அளவு; இந்த ஊர்க் கல்லூரியில் அவள் கொடுத்தால் மட்டும் அவை சாவதில்லை. இருமுறை பார்த்தாயிற்று.

மூன்றாம் முறையும் இப்படியே ஆனால் ஆய்வைக் கைவிட வேண்டியதுதான் என்று நெறியாளர் எழுதிவிட்டார். இரண்டு ஆண்டு உழைப்பு. கைச்சுத்தம் போதாது என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த வரிதான் அவளுக்கு உறைத்தது.

குப்பிகளை மாற்றினாள். தண்ணீரை மாற்றினாள். தராசைக்கூட மாற்றிவிட்டாள்.

ஓட்டுநர் சண்முகையா பெட்டியை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு இறங்கினார். சீர்வரிசைத் தட்டைக்கூட எவரும் அவ்வளவு பதனமாக ஏந்தியிருக்க மாட்டார்கள்.

"மத்த பார்சலெல்லாம் சீட்டுக்கு அடியில கெடக்கு, தாயி. ஆசுபத்திரிச் சாமானாச்சே! ஒங்க பொட்டிய மட்டும் எஞ்சின் மூடி மேல, என் கண்ணு முன்னாலயே வச்சுக் கொண்டாந்திருக்கேன். மூணு தடவையும் அப்படித்தான்!"

பெட்டியை வாங்கியவள் சட்டென்று கை மாற்றினாள். அடிப்பக்கம் சுட்டது.

சூடு பட்ட செல் சும்மா இருப்பதில்லை. தன்னைக் காக்க வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உண்டாக்கிக்கொள்ளும். குலையத் தொடங்கும் மற்றப் புரதங்களை அவை தாங்கிப் பிடித்து, மறுபடியும் உருவத்துக்குக் கொண்டுவரும். அந்தக் காவல் ஓரிரு நாள் நிற்கும். அதற்குள் மருந்து வந்தால், அதையும் செல் தாங்கிக்கொள்ளக்கூடும். புற்றுநோய்ச் செல் பிழைக்கும் வழிகளில் இதுவும் ஒன்று என்று அவளே நாற்பது பக்கம் எழுதியிருக்கிறாள்.

அந்த நாற்பது பக்கத்தில் பேருந்து என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

ஹஸ்னா பானு வாய்விட்டுச் சிரித்தாள். சண்முகையாவும், காரணம் தெரியாமலே, சேர்ந்து சிரித்தார்.

"அடுத்த வாரம் ரெண்டு பொட்டி வரும், அண்ணாச்சி. ஒண்ண எஞ்சின் மேலயே வைங்க. இன்னொண்ண மத்த பார்சலோட சீட்டுக்கு அடியில போட்டுருங்க."

அவர் முகம் வாடிவிட்டது.

"ஏன் தாயி, அது என்ன பாவம் பண்ணுச்சு?"