அழுத்திக் கீறிய கோடுகள்

“பெட்டியைக் கீறச் சொன்னால் தாளையே கிழிக்கிறீரோ?”

சுதாஜினி ரீச்சர், யதுர்ஷிகாவின் சித்திரக் கொப்பியைப் பறித்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். தரம் ஆறு வகுப்பு முழுக்கச் சிரித்தது.

“முன்பக்கக் கோடு கடுமையா இருக்கலாம். பின்னுக்குப் போற கோடு மெல்லிசா இருக்கவேணும். அப்பதான் பெட்டி தாளைவிட்டு எழும்பி நிக்கும். எத்தினை தரம் சொன்னனான்?”

யதுர்ஷிகா தலை நிமிரவில்லை. ரீச்சர் புதுத் தாள் கொடுத்தார். அதிலும் அதே அழுத்தம். பென்சில் முனை முறிந்ததுதான் மிச்சம்.

இந்தப் பிடிவாதத்தை வீட்டில் சொல்லித்தான் ஆகவேண்டும். ரீச்சர் இந்தத் தவணைதான் ஸ்கந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு பிள்ளையோடு நடந்தார்.

தகப்பன் கதிர்காமநாதன் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். கறுப்புக் கண்ணாடி. பக்கத்தில் வெள்ளைப் பிரம்பு. ரீச்சர் ஸ்கூட்டியை வாசலிலேயே நிறுத்தினார்.

“அப்பா, ரீச்சர் வந்திருக்கிறா!”

“வாங்கோ ரீச்சர், இருங்கோ.”

யதுர்ஷிகா அவசரமாகத் தாளைக் கவிழ்த்து அவர் மடியில் வைத்தாள். பின்பக்கத்தில் கோடுகள் தழும்புபோலப் புடைத்து நின்றன. தகப்பனின் விரலைப் பிடித்து அவற்றின்மேல் ஓடவிட்டாள்.

“இண்டைக்குப் பெட்டி, அப்பா. இது முன்பக்கம். இது பின்னுக்குப் போற மூலை. தெரியுதோ?”

“ஓம் ராசாத்தி, நல்லாத் தெரியுது.”

குறை சொல்ல வந்த ரீச்சர் குனிந்து அந்தப் புடைத்த கோடுகளைப் பார்த்தார்.

“ரீச்சருக்குத் தேத்தண்ணி போடு, பிள்ளை.”

அவள் குசினிக்குள் ஓடினாள். தகப்பனின் விரல்கள் இன்னும் தாளில் ஊர்ந்துகொண்டிருந்தன. கோடே இல்லாத வெறும் இடத்தில்.

“ஐயா... பெட்டி அங்கால இருக்கு” என்றார் ரீச்சர், மெல்ல.

தகப்பன் குசினிப் பக்கம் காதைக் கொடுத்தார். பாத்திரச் சத்தம் கேட்டபிறகுதான் வாய் திறந்தார்.

“சண்டையில ஷெல் பட்ட அண்டைக்குக் கண்ணோட விரல் நுனியளும் செத்துப்போச்சு, ரீச்சர். ஒண்டும் உணராது. பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

தாளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

“ஆரிட்டையும் கேக்கேலாமல் இருந்தனான். நீங்களாவது சொல்லுங்கோ... என்ர பிள்ளை வடிவாக் கீறுறாளோ?”