கால் தேறியது

பக்கவாதம் வந்து படுத்திருந்தவரின் இடது முழங்காலை பிசியோதெரபிஸ்ட் முதலில் மெதுவாக மடக்கினார். பிறகு வெடுக்கென்று மடக்கினார். கால் எந்த இடத்திலும் விறைத்துப் பிடிக்கவில்லை.

"கட்டையாக் கிடந்த காலு அண்ணே இது! இறுக்கம் நல்லாவே விட்டிருக்கு."

கதவோரம் நின்ற மனைவி, "பலம் வந்திருச்சா தம்பி?" என்றாள். வரும்போதெல்லாம் அவள் கேட்கும் கேள்விதான்.

"பார்த்துடுவோம். அண்ணே, என் கையை எட்டி உதைங்க."

உதைத்தார். பிசியோதெரபிஸ்ட் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"யம்மாடி! கழுதை தோத்துச்சு போங்க! எல்லாம் அக்கா பார்த்துக்கிட்ட பக்குவம். கிட்ட வாங்கக்கா, உங்க கையையும் உதைக்கட்டும்."

அவள் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். சந்தோஷத்தில் அழப்போகிறாள் என்று பிசியோதெரபிஸ்ட் நினைத்துக்கொண்டார்.

வாசலில் அவர் வண்டியைக் கிளப்பும்போது, துணிப்பையோடு வந்து நின்றாள்.

"என்னைப் பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்டுடுங்க தம்பி. தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

"இந்த நேரத்துல அண்ணனை விட்டுட்டா?"

அவள் விலாவில் கை வைத்துக்கொண்டாள்.

"இந்த எலும்பை ரெண்டு தடவை உடைச்ச காலு தம்பி அது. படுத்துக் கிடக்கிற மனுஷனை விட்டுட்டுப் போக மனசு வரலை. இப்பதான் தேறிட்டாரே."